மாதவிலக்கு நின்றபின் ஏறும் கொழுப்பு: சோயா எவ்வளவு இறக்கும்?

பெருந்துறை அம்மிணி

வணக்கமுங்க. எனக்கு வயது 51, மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 118. போன வாரம் பார்த்தால் 156. மொத்தக் கொழுப்பு 236, நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் 48, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 160. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் 134/86. சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை, எடையும் பெரிதாகக் கூடவில்லை, அப்புறம் எப்படி இவ்வளவு ஏறும் என்றுதான் புரியவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டைத் திருத்தி, தினமும் நடந்துவிட்டு வாருங்கள், மாத்திரையைப் பற்றி அப்போது பேசலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இதற்கிடையில் காலையில் கூட நடக்க வரும் ஒரு அக்கா சோயா புரதப் பவுடர் டின் விற்கிறார். காலையும் மாலையும் இரண்டு கரண்டி கலக்கிக் குடித்தால் நின்றுபோன ஹார்மோன் திரும்ப வரும், இதயக் குழாயில் அடைப்பு இருந்தாலும் கரையும் என்கிறார். ஒரு டின் இரண்டாயிரத்துக்கு மேல். என் நங்கையாவோ, சோயா சாப்பிட்டால் மார்பில் கட்டி வரும், அந்தப் பக்கமே போகாதே என்கிறார். இரண்டு பேரும் என் மேல் அக்கறையுள்ளவர்கள்தான். யார் பேச்சைக் கேட்பது? கடையில் விற்கிற மீல்மேக்கரும் அதே சோயாதானே, அதைச் சாப்பிட்டால் போதாதா? எங்கள் வீட்டில் காலை தேங்காய்ச் சட்னி, ஞாயிறும் புதனும் கறி, மற்ற நாள் பருப்பும் காயும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபி வயக்காடு

டின் வாங்காதே கண்ணு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் கொள்ளுப் பருப்பு கடைந்து களியோடு சாப்பிடு, அந்தத் தண்ணீரில் ரசம் வை. எனக்கு வயது 63, இன்னமும் காட்டு வேலைக்குப் போகிறேன். சோயா நம் மண்ணில் பழக்கப்பட்ட வெள்ளாமை கிடையாது, நடுவில் வந்தது. என் அம்மாயி காலமெல்லாம் கம்பும் ராகியும்தான், நெஞ்சுவலி என்று யாரும் படுத்ததை நான் பார்த்ததில்லை.

சிங்காநல்லூர் பத்தியம்

நான் உணவு ஆலோசகர். கோவையில் ஒரு மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கான உணவுப் பிரிவில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் எல்டிஎல் ஏன் ஏறியது என்பது. நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலை கல்லீரலுடையது. அதற்கான ஏற்பிகளை அதிகமாக்கி வைப்பதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் விழுகிறது, ஏற்பிகள் குறைகின்றன, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்வான் என்ற பெயரில் பல இனத்துப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. கடைசி மாதவிலக்கை ஒட்டிய ஒரு வருட காலத்தில்தான் எல்டிஎல் சட்டென்று ஏறுகிறது, அது வெறும் வயதால் வரும் ஏற்றம் இல்லை என்று 2009-இல் அதில் காட்டினார்கள். உங்களுக்கு 118-ஆக இருந்தது 156 ஆனதும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

அடுத்து சோயா. 1995-இல் 38 பரிசோதனைகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. தினமும் சராசரியாக 47 கிராம் சோயா புரதம் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் 13 சதவீதம் போல இறங்கியது என்றார்கள். உலகமே சோயா பக்கம் திரும்பியது அதனால்தான். 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நிறைகொழுப்பு (ஆட்டுக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் அதிகம் இருப்பது) குறைந்த சாப்பாட்டோடு தினமும் 25 கிராம் சோயா புரதம் சேர்த்தால் இதய நோய் ஆபத்து குறையலாம் என்று பாக்கெட்டில் அச்சடிக்க அனுமதி கொடுத்தது. டின் விற்பவர்கள் இன்றைக்கும் காட்டுவது அந்த வரியைத்தான். அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 பரிசோதனைகளை எடுத்துப் பார்த்து, எல்டிஎல் இறங்குவது சுமார் 3 சதவீதம்தான் என்றது. சோயாவில் இருந்து பிரித்தெடுத்த ஐசோஃபிளேவோன்களால், அதாவது ஈஸ்ட்ரோஜனைப் போன்ற தாவரப் பொருள்களால், கொழுப்பு இறங்கவில்லை என்றும் சொன்னது. 2017-இல் அதே உணவு மருந்து நிர்வாகம் தான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று முன்மொழிந்தது. 2019-இல் 46 பரிசோதனைகளை மறுபடி கூட்டிப் பார்த்தபோதும் அதே 3, 4 சதவீதம்தான் வந்தது.

உங்கள் கணக்கில் சொன்னால், தினமும் விடாமல் 25 கிராம் சோயா புரதம் சாப்பிட்டால் 156 ஏறக்குறைய 150 ஆகும். உண்மையான பலன்தான், ஆனால் அடைப்பைக் கரைக்கிற சமாச்சாரம் இல்லை. குழாய் அடைப்பு கரையும் என்று சொல்லி எந்த உணவை விற்றாலும் வாங்காதீர்கள்.

திருப்பூர் பையன்

அக்கா, ஒரு சந்தேகம். அம்மாவுக்காகத்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 3 சதவீதம்தான் என்றால் சீனா, ஜப்பான் பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று சொல்கிறார்களே, அது எப்படி? ஷாங்காயில் சோயா அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு மாரடைப்பு நான்கில் ஒரு பங்குதான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

சிங்காநல்லூர் பத்தியம்

நல்ல கேள்வி தம்பி. அந்த ஆய்வு உண்மை, 2003-இல் வந்தது. ஷாங்காயில் சுமார் 65,000 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். சோயா மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இதய நோய் 75 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் பின்தொடர்ந்தது சராசரியாக இரண்டரை வருடம்தான், மொத்தத்தில் இதய நோய் வந்தவர்கள் 62 பேர். அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 75 சதவீதத்தை அப்படியே நம்ப எனக்கு மனம் வராது. 2020-இல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரை வைத்து வந்த ஆய்வில், வாரம் ஒரு முறையாவது டோஃபு (சோயா பாலில் செய்கிற பனீர்) சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் 18 சதவீதம் குறைவு. மாதவிலக்கு நிற்காத பெண்களிடமும், நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுக்காத பெண்களிடமும்தான் அது நன்றாகத் தெரிந்தது. இந்த எண் எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஆனாலும் வாரம் தவறாமல் டோஃபு சாப்பிடுகிற அமெரிக்கர் நடப்பவராகவும், புகை பிடிக்காதவராகவும், கறியைக் குறைத்தவராகவும் இருப்பார். எவ்வளவுதான் கணக்குப் போட்டு அதைக் கழித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும்.

குடலும் ஒரு காரணம். சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற பொருளைச் சிலருடைய குடல் கிருமிகள் ஈக்வால் என்ற இன்னொன்றாக மாற்றுகின்றன, ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிற வேகம் இதற்குத்தான் அதிகம். ஜப்பான், சீனா பக்கம் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது நடக்கிறது, மேற்கத்தியர்களில் நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோதான். சின்ன வயதிலிருந்தே சோயாவோடு வளர்ந்த உடம்பும், ஐம்பது வயதில் டின்னைத் திறக்கிற உடம்பும் ஒன்றில்லை.

உடுமலை செவிலி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நின்ற ஹார்மோன் திரும்ப வரும் என்று அந்த அக்கா சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் உள்ளே வந்தேன். சோயாவில் இருப்பது ஈஸ்ட்ரோஜனைப் போன்ற உருவமுள்ள தாவரப் பொருள், ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் பலம் ரொம்பக் குறைவு. சூலகம் அதனால் மறுபடி வேலை செய்யப் போவதில்லை.

இன்னொன்று, நிஜ ஹார்மோனைக் கொடுத்தாலே இதயம் காப்பாற்றப்படும் என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனையை 2002-இல் பாதியில் நிறுத்தினார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மார்புப் புற்றும் குறையவில்லை, கூடத்தான் செய்தன. இன்றைக்கும் தாங்க முடியாத உடல் சூட்டுக்கு, மாதவிலக்கு நின்ற கொஞ்ச வருடத்துக்குள், ஆளைப் பார்த்து டாக்டர் ஹார்மோன் கொடுப்பார்; அது வேறு விஷயம். இதயத்தைக் காக்க என்று யாரும் கொடுப்பதில்லை. நிஜ ஹார்மோனுக்கே இந்த நிலை என்றால் டின் பவுடருக்கு என்ன சொல்ல.

பெருந்துறை அம்மிணி

ஷாங்காய் கணக்கைக் கேட்டதும் ஆசையாக இருந்தது, அப்புறம் அந்த 62-ஐப் படித்ததும் தெளிந்தது. சரிங்க அக்கா, அப்படியென்றால் சோயாவை விட்டுவிடலாமா? மார்புக் கட்டி விஷயத்தை யாரும் சொல்லவில்லையே.

சிங்காநல்லூர் பத்தியம்

விட வேண்டாம். மாதவிலக்கு நின்ற பெண்களை மட்டும் எடுத்து அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள், 2011-இல் வந்தது. 350 பேர், பாதிப் பேருக்குத் தினமும் 25 கிராம் சோயா புரதம், இரண்டே முக்கால் வருடம் போல. கழுத்துக் குழாயின் சுவர் எவ்வளவு தடிக்கிறது என்று ஸ்கேனில் அளந்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் மாதவிலக்கு நின்று ஐந்து வருடத்துக்குள் இருந்தவர்களுக்குச் சுவர் தடிக்கிற வேகம் 68 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் சின்ன கூட்டம் என்பதால் இதை முடிவு என்று எடுக்க முடியாது, ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் நெதர்லாந்தில் 60-75 வயதுப் பெண்கள் 202 பேருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் கொழுப்பு அசையவே இல்லை. ஆக, ஏதாவது நன்மை உண்டு என்றால் அது உங்களைப் போல ஒன்றரை வருடத்தில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அறுபத்தைந்தில் ஆரம்பிப்பவரிடம் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

மார்புக் கட்டிப் பயம் எங்கள் பிரிவிலும் தினம் வருகிறது. சாப்பாட்டு அளவில் சோயா மார்புப் புற்றைக் கொண்டுவருவதாக மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. சீனாவில் மார்புப் புற்று வந்து சிகிச்சை முடித்த பெண்களைப் பார்த்த ஆய்விலும் (2009) சோயா சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை, குறைந்தே இருந்தது. ஆனால் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொடக்கூடாது. மீல்மேக்கர் குழம்பு வேறு, சாறு பிழிந்து மாத்திரையாக அடைத்தது வேறு.

பொள்ளாச்சி தோப்பு

எல்லாம் சரிதான். கடைசியில் சுற்றி வளைத்துத் தேங்காய் மேல்தான் பழி போடப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்தான் சமையலுக்கு. என் அப்பாரு 88 வயது வரை இருந்தார். வெளிநாட்டுக்காரன் அவன் எண்ணெயை விற்கத் தேங்காயைக் கெட்டது என்கிறான்.

சிங்காநல்லூர் பத்தியம்

அண்ணா, உங்கள் அப்பாரு எத்தனை மைல் நடந்திருப்பார், எத்தனை மரம் ஏறியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலையைச் செய்தால் அந்த எண்ணெயைச் சாப்பிடலாம். உங்கள் விலை, உங்கள் தோப்பு பற்றிய கவலை எனக்குப் புரியாமல் இல்லை, என் மாமனார் வீட்டிலும் தென்னைதான்.

எண்ணைப் பார்ப்போம். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. 16 பரிசோதனைகளைச் சேர்த்து 2020-இல் வந்த அலசலில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏறக்குறைய 10 புள்ளி கூட்டுகிறது. சோயா இறக்குவது 5 புள்ளி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் மீல்மேக்கரை வறுத்துச் சாப்பிட்டுவிட்டு சோயா சாப்பிட்டேன் என்று சொல்வதில் பொருள் இருக்கிறதா? பள்ளிபாளையம் முறையில் மீல்மேக்கர் என்று இப்போது எல்லா ஓட்டலிலும் போடுகிறார்கள். பல்லுப் பல்லாகக் கீறிப்போட்ட தேங்காய், தட்டின் அடியில் தேங்கி நிற்கிற எண்ணெய், கிள்ளிப்போட்ட மிளகாய். அதில் இதயத்துக்கு நல்லது என்று எதைச் சொல்வது.

நான் சொல்ல வருவதே இதுதான் அம்மிணி. சோயாவின் பலன் பாதி அதற்குள் இருக்கிறது, மீதிப் பாதி அது எதை இலையிலிருந்து தள்ளிவிட்டு வந்து உட்கார்கிறது என்பதில் இருக்கிறது. புதன்கிழமைக் கறிக்குப் பதில் அது வந்தால் ஆட்டுக் கொழுப்பு குறையும், நார் கூடும், எல்டிஎல் இன்னும் கொஞ்சம் இறங்கும். கறியும் தேங்காயும் அப்படியே இருக்க, மேலே ஒரு டம்ளர் பவுடர் என்றால் காசுக்குத்தான் கேடு. சட்னிக்கு ஒரு கை தேங்காய்த் துருவல் போடுவதை நான் பெரிதாகச் சொல்லவில்லை, அதில் நாரும் உண்டு. தாளிக்கிற எண்ணெய், தேங்காய்ப்பால், கறிக்கு அரைத்து ஊற்றுகிற முழு மூடி, இவற்றைச் சொல்கிறேன். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றுங்கள், அதையும் அளந்து ஊற்றுங்கள்.

பொள்ளாச்சி தோப்பு

நான் தேங்காயை விடப்போவதில்லை. ஆனால் வீட்டம்மாவுக்கும் அதே வயதுதான், ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவர் மரம் ஏறுவதில்லை என்பது உண்மைதான்.

நாமக்கல் தீவனம்

நான் கோழித் தீவன வேலையில் இருப்பவன். சோயாவை நம் ஊர்க்காரர்களைவிட நம் ஊர்க் கோழிகள்தான் அதிகம் சாப்பிடுகின்றன. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா பக்கமிருந்து லாரி லாரியாகச் சோயா புண்ணாக்கு நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் வருகிறது. மீல்மேக்கரும் அந்த வழியில் பிறந்ததுதான், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி உருண்டையாக்குகிறார்கள். மனிதர் சாப்பிடுவதற்கான தரத்தில் தனியாகச் செய்வது, அதனால் கோழித் தீவனம் என்று யாரும் அருவருக்க வேண்டாம். எண்ணெய் போய்விட்டதால் 100 கிராமில் பாதிக்கு மேல், 52 கிராம் வரை, புரதம்தான். அந்த 25 கிராம் கணக்குக்கு 50 கிராம் காய்ந்த உருண்டை போதும்.

முழுச் சோயா பயறு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சையாகத் திரித்துக் கஞ்சி மாவில் கலக்காதீர்கள். புரதம் செரிப்பதைத் தடுக்கிற ஒரு பொருள் பச்சைப் பயறில் இருக்கிறது, கோழிக்கே பச்சையாகக் கொடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். நன்றாக வறுத்துத்தான் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். வேகவைப்பதானால் ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, குக்கரில் குழைய விடுங்கள்.

கோபி வயக்காடு

மீல்மேக்கரில் அந்தப் பச்சை வாடை போகவே மாட்டேன் என்கிறதே, அதனால்தான் எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

உடுமலை செவிலி

அக்கா, கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு உருண்டையைக் கொட்டி, அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். ஊறி ஊதியதும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் மஞ்சளாக, நுரையோடு ஒரு தண்ணீர் வரும். வாடை அதில்தான் இருக்கிறது. பிழியும் தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அப்புறம் பெரிய உருண்டையைக் கத்தியால் நான்காக நறுக்கி, கொள்ளுப் பருப்பு தாளிக்கும்போது சின்ன வெங்காயம், சீரகம், பூண்டோடு சேர்த்து வதக்கிப் போட்டுப் பாருங்கள். கொள்ளு பிடித்துக்கொண்டு வாடையே தெரியாது. உப்பை மட்டும் முதலிலேயே குறையுங்கள், பெருந்துறைத் தங்கைக்கு 134/86 என்றால் உப்பும் கவனிக்க வேண்டிய கட்டத்தில்தான் இருக்கிறார்.

சிங்காநல்லூர் பத்தியம்

கொள்ளோடு சேர்ப்பது அருமையான யோசனை. கோபி அக்கா சொன்ன கொள்ளையும் களியையும் நான் தள்ளவே இல்லை, நாருக்கு அது வேண்டும். 2003-இல் டொரோன்டோவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சோயா புரதம், பாதாம், வழவழப்பான நார் உள்ள காய் தானியங்கள், தாவர ஸ்டெரால் (கொழுப்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கிற தாவரப் பொருள்) சேர்த்த மார்ஜரின், இந்த நான்கையும் ஒன்றாக ஒரு மாதம் கொடுத்தார்கள். வெண்டைக்காயும் கத்திரிக்காயும்கூட அந்தச் சாப்பாட்டில் இருந்தன. எல்டிஎல் ஏறக்குறைய 29 சதவீதம் இறங்கியது, உடன் வைத்துப் பார்த்த, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரைக்கு 31. தனியாக 3 சதவீதம் இறக்குகிற சோயா கூட்டத்தோடு சேரும்போது நடந்தது இது. சமைத்துக் கையில் கொடுத்த சாப்பாடு என்பதால் வீட்டில் அவ்வளவு வராது, ஆனால் திசை அதுதான். வெண்டைக்காய், கத்திரிக்காய், கொள்ளு, ஒரு கை நிலக்கடலை, மீல்மேக்கர், இதில் எது நம் ஊரில் கிடைக்காது?

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மாதம் கழித்து டாக்டர் ஸ்டாட்டின் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்களும், சர்க்கரை உள்ளவர்களும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் சோயாவை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடவே கூடாது. அப்படித் தள்ளிப்போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

திருப்பூர் பையன்

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது. அவருக்குச் சோயா கொடுக்கலாமா?

உடுமலை செவிலி

கொடுக்கலாம் சாமி, நேரம்தான் முக்கியம். சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, சோயா மதியச் சாப்பாட்டில், நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சோயா பாலில் மாத்திரையை விழுங்கக் கூடாது. புதிதாகத் தினமும் சோயா ஆரம்பித்தால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற ஆண்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. தாடையில் வலி, முதுகில் வலி, மூச்சு வாங்குதல், வாந்தி, காரணமில்லாத அசதி என்றும் வரும். வாய்வு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். என் வேலைக் காலத்தில் அப்படித் தாமதமாக வந்த பெண்கள் நிறைய. மாதவிலக்கு நின்றபின் இந்த அறிகுறி எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெருந்துறை அம்மிணி

எல்லாருக்கும் நன்றிங்க. புதன்கிழமைக் கறியை நிறுத்திவிட்டு அன்றைக்கும் இன்னும் இரண்டு மூன்று நாளும் மீல்மேக்கர் வைக்கிறேன், தினமும் முடியுமா தெரியவில்லை. தாளிப்பு கடலை எண்ணெய்க்கு மாற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கறியை வீட்டுக்காரர் விட மாட்டார், கொழுப்பை நறுக்கி எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். டின் வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொன்னேன், வருத்தம்தான் அவருக்கு. என் தங்கை மட்டும் எனக்கு முன்னாலேயே அவரிடம் ஒன்று வாங்கிவிட்டாள், திறந்தும் விட்டாள், அதை என்ன செய்வது?

சிங்காநல்லூர் பத்தியம்

தூக்கிப்போட வேண்டாம். டின்னின் பின்பக்கம் ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று எழுதியிருக்கும், பாருங்கள். சர்க்கரை அதிகம் இல்லையென்றால் சப்பாத்தி மாவிலோ தோசை மாவிலோ ஒரு கரண்டி கலந்து தீர்த்துவிடச் சொல்லுங்கள், அடுத்தது வாங்க வேண்டாம். உங்கள் தங்கைக்கும் மாதவிலக்கு நிற்கிற வயதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுங்கள். அடுத்த முறை நீங்கள் எடுக்கும்போது போன தடவை எடுத்த அதே லேபில் எடுங்கள், முந்தைய இரவு சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு.

பெருந்துறை அம்மிணி

அவளுக்கு 47. இரண்டு பேருமே போகிறோம்.